கூனிமேட்டைத் தாண்டாத கார்

எங்கள் வீட்டுக் காரைக் கெடுத்தது எது என்பதில் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் இன்றுவரை ஒத்த கருத்து கிடையாது. அப்பா உப்பு என்பார். பெரியப்பா கண்திருஷ்டி என்பார். ஆனால் அதைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் மட்டும் இருவரும் ஒரே ஆளைக் கைகாட்டுவார்கள். நான்காம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதிவிட்டு லீவில் இருந்த என்னை. பல வருஷம் நானும் அந்தக் கதையைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறேன்.

அப்பா மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி. உப்பளத்துக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உப்புத் தண்ணீர் பட்ட எதையும் பொழுது சாய்வதற்குள் நல்ல தண்ணீரில் கழுவியாக வேண்டும். கை, கால், செருப்பு, சைக்கிள், மண்வெட்டி, உப்பு வாரும் பலகையின் ஆணி வரைக்கும். "ஒரு ராத்திரி விட்டா போதும், தின்னுட்டுப் போயிடும்" என்பார் அப்பா. வீட்டில் எது கெட்டாலும் அவருக்கு ஒரே காரணம்தான். மின்விசிறி சுற்றவில்லையா, உப்பு. சுவிட்சைப் போட்டால் பொறி பறக்கிறதா, உப்பு. அம்மாவின் மிக்ஸி மக்கர் பண்ணுகிறதா, உப்புக் காற்று. பாதி நேரம் அவர் சொன்னது சரியாகவும் இருந்து தொலைத்தது. அதனால் மீதிப் பாதி நேரமும் யாரும் அவரை எதிர்த்துப் பேச முடியவில்லை.

அந்த மனிதர் ஒரு கார் வாங்கினார். மூன்று கை மாறி வந்த வெள்ளைக் கார். அவர் வாங்கியதற்குக் காரணம் சவாரி ஆசை இல்லை, ரோஷம். அத்தையின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் பொம்மையார்பாளையத்திலிருந்து வரிசையாகக் காரில் வந்து இறங்கினார்கள். நாங்கள் மண்டபத்துக்கு வாடகை வேனில் போனோம். "பொண்ணு வீட்ல சொந்தமா ஒரு வண்டி கூட இல்லியா?" என்று அவர்களில் யாரோ கேட்டுவிட்டார்கள். கேட்டவர் மறுநாளே மறந்திருப்பார். அப்பா இரண்டு வருஷம் மறக்கவில்லை.

கார் வந்து மாதம்கூட ஆகியிருக்காது, ஒரு மத்தியானம் அத்தை பஸ்ஸில் வந்து இறங்கினாள். அப்பாவுக்கு ஒரே தங்கை அவள். கையில் ஒரு துணிப்பைதான் இருந்தது. வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னாள். நான் நம்பினேன். அம்மா நம்பவில்லை. அப்பா நம்புவது என்று முடிவு செய்துகொண்டார். "நான் இனிமே அங்க போவலண்ணா" என்று அத்தை ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்கப்புறம் பத்து நாள் பகலெல்லாம் தூங்கினாள். பகலில் தூங்கினால் என்னைத் திட்டுகிற அம்மா, அத்தை தூங்கும்போது மட்டும் பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தாள். இது என்ன நியாயம் என்று எனக்குக் கோபம் வந்தது.

பெரியப்பா மாப்பிள்ளை வீட்டாரிடம் போனில் பேசிப் பேசி ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தார். "புருஷன் பொண்டாட்டின்னா ஆயிரம் இருக்கும்டா. நல்ல நாளா பாத்து நாமளே கொண்டுபோய் விட்டுட்டு வந்துடலாம்" என்று அப்பாவிடம் சொன்னார். கோவித்துக்கொண்டு பஸ்ஸில் வந்த பெண்ணைப் பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பக் கூடாது. அனுப்பினால் துரத்திவிட்டதாக ஆகிவிடும். பழத்தட்டு, இனிப்பு, புதுப் புடவை என்று சீரோடு, பெரியவர்கள் கூடப்போய், வாசலில் வண்டி நிறுத்தி இறக்க வேண்டும். அப்பா கார் வாங்கிய சேதியை அவர்களுக்குப் போனிலேயே சொல்லியாகிவிட்டது. எனவே வாடகை வண்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. அத்தையிடம் யாரும் எதுவும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

புதன்கிழமை குறித்தார்கள். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் பிறக்கிறது. அதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பத்தரை மணிக்குக் கிளம்பினோம். அப்பா ஓட்ட, பக்கத்தில் பெரியப்பா. பின்னால் அம்மாவும் அத்தையும். நடுவில் நான், முன்சீட்டுகள் இரண்டுக்கும் இடையே தலையை நீட்டிக்கொண்டு. எனக்கு ரோட்டைப் பார்க்கப் பிடிக்காது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த முட்களைத்தான் பார்ப்பேன். அதில் வலது பக்க முள் வேகத்தைக் காட்டுவது. இடது பக்க முள் எதற்கு என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதுதான் எனக்குப் பிடித்த முள். அப்பா காலை அழுத்தினால் துள்ளும், எடுத்தால் படுக்கும்.

கூனிமேட்டுக்குச் சற்று முன்னால், பனைமரங்கள் கூட்டமாக நிற்கிற இடத்தில் கார் நின்றுவிட்டது. இருமல் இல்லை, குலுக்கல் இல்லை. ஓடிக்கொண்டிருந்த என்ஜின் பேச்சை நிறுத்திக்கொண்டது, அவ்வளவுதான். அப்பா வண்டியை ஓரமாக உருட்டி நிறுத்திச் சாவியைத் திருகினார். என்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. பானெட்டைத் திறந்தார். எட்டிப் பார்த்துவிட்டு, எதிர்பார்த்தவரைச் சந்தித்தவர்போலத் தலையை ஆட்டினார்.

"உப்புதான். வெள்ளையா பூத்திருக்குது பாருங்க" என்றார் பெரியப்பாவிடம்.

டிக்கியில் எப்போதும் ஒரு கேன் நல்ல தண்ணீர் இருக்கும். அதை எடுத்து என்ஜின் மேல் மேலும் கீழுமாக, பொறுமையாக, மாட்டைக் குளிப்பாட்டுவதுபோல ஊற்றினார். ஆவி குபுகுபுவென்று கிளம்பியது. கேன் காலியானதும் கை துடைத்துக்கொண்டு வந்து சாவியைத் திருகினார். உடனே பிடித்துக்கொண்டது. அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. உலகத்தில் இருக்கிற ஒர்க்‌ஷாப் எல்லாம் வந்து அவரிடம் பாடம் கேட்க வேண்டும் என்பதுபோல் இருந்தார்.

அதற்குள் மணி பதினொன்றரை தாண்டிவிட்டது. போய்ச் சேர்வதற்குள் ராகு காலம் வந்துவிடும் என்றார் பெரியப்பா. போதாததற்குப் பாதி வழியில் தடங்கல் வேறு. வண்டியைத் திருப்பினோம். திரும்பி வரும்போது அத்தை ஜன்னல் கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டு வெளியே பார்த்தபடி ஏதோ பாட்டை முனகிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். சீர்த் தட்டு வாழைப்பழம் அடுத்த வாரம் வரை தாங்காது என்று அம்மா அதை எனக்கும் அத்தைக்குமே கொடுத்துவிட்டாள். இப்படி ஒரு நல்ல நாள் வாராவாரம் வந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

வந்தது. நடுவில் அந்த ஒரு வாரமும் அப்பா தினமும் சாயங்காலம் என்ஜினைக் கழுவினார். பேட்டரி ஒயர்களைக் கழற்றி, முனைகளை வெந்நீர் விட்டுத் தேய்த்து, வாஸ்லின் பூசி மாட்டினார். பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்துவிட்டு பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார். கிளம்புகிற அன்று பெரியப்பா தன் பங்குக்குச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். கார் ஒழுங்காகக் கிளம்பியது. கூனிமேட்டை நெருங்கியது. அதே பனைமரங்களுக்குப் பக்கத்தில் நின்றது.

மறுபடியும் கேன், மறுபடியும் ஆவி, மறுபடியும் பிடித்துக்கொண்டது, ராகு காலத்துக்குப் பயந்து மறுபடியும் திருப்பினோம். இந்தத் தடவை நான் ஒன்றைக் கவனித்தேன். வண்டி நின்றபின் அப்பா சாவியைத் திருகும்போதெல்லாம் என் முள் அசையவே இல்லை. வீட்டில் காலையில் கிளப்பும்போது, என்ஜின் பிடிப்பதற்கு முன்னாலேயே அது லேசாகத் துடிக்கும். அது எனக்கு மனப்பாடம். இங்கே என்ஜின் கரகரவென்று சுற்றுகிறது, முள் செத்ததுபோலப் படுத்திருக்கிறது. தண்ணீர் ஊற்றிய பிறகு திருகினால் துடிக்கிறது, வண்டியும் கிளம்புகிறது.

அன்று சாயங்காலம் அத்தை எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது இதைச் சொன்னேன். பின்னுகிற கை நின்றுவிட்டது.

"அப்பாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல அத்த."

"சொல்லாத. நமக்குள்ளவே இருக்கட்டும்."

"ஏன்?"

"இப்ப சொன்னா திட்டுவாரு. நான் சொல்றப்ப சொல்லு." பின்னலை அவிழ்த்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பின்னினாள். நல்ல சேதியைச் சொன்னால் அப்பா எதற்குத் திட்ட வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அத்தையிடம் சத்தியம் செய்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் ஊரே காரைப் பற்றிப் பேசியது. பாண்டிச்சேரியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டர் வைத்துப் பார்ப்பார்கள், வண்டியில் என்ன கோளாறு என்று அதுவே சொல்லிவிடும் என்று மெக்கானிக் அண்ணன் அப்பாவை அழைத்துப் போனார். அதிகாலையில் கிளம்பிப் போய், பொழுது சாய்ந்த பிறகு திரும்பினார்கள். ஆச்சரியம் என்னவென்றால், அன்றைக்குக் கார் எங்கேயும் நிற்கவில்லை. பனைமரங்களைத் தாண்டி அலட்டிக்கொள்ளாமல் போயிருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தால் ஒரு கோளாறும் இல்லை என்று காட்டியது. காட்டாமல் என்ன செய்யும்? வண்டிக்குள் இருக்கிற கம்ப்யூட்டர் கோளாறுகளை நினைவில் வைத்திருக்கும். பேட்டரி ஒயரைக் கழற்றினால் எல்லாம் அழிந்துபோகும். அப்பாதான் முதல் நாள் சாயங்காலம் அதைக் கழற்றி, உப்பு போக வெந்நீர் விட்டுக் கழுவி வைத்திருந்தாரே. இது எங்களுக்குத் தெரிந்தது எல்லாம் முடிந்த பிறகு.

அப்போது வீட்டில் ஒரே குழப்பம். அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த பெரியப்பாவின் பேச்சும் இப்போது எடுபடவில்லை. அத்தை ஏறாதபோது வண்டி ஓடுகிறது, அத்தை ஏறினால் நிற்கிறது. "இவ ராசி அப்படி" என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. அம்மாவும் அதையேதான் வேறு மாதிரி சொன்னாள். "அவ மனசு வண்டிக்குத் தெரியுது. ஒங்களுக்குத்தான் தெரியல" என்று அப்பாவிடம் அடுப்படியில் சொன்னாள். அதற்கு அப்பா, "நான் இன்னா பண்ணட்டும், சொல்லு" என்றார்.

எனக்கு மண்டை குடைந்தது. நேரே அத்தையிடமே போய்க் கேட்டேன்.

"நீதான் காரை நிறுத்தறியா அத்த?"

அத்தை சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எனக்கு அவ்ளோ சக்தி இருந்தா நான் ஏண்டி இப்படி இருக்கறேன்" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிரிக்க ஆரம்பித்தவள் எந்த இடத்தில் அதை விட்டுவிட்டாள் என்று எனக்குப் பிடிபடவில்லை.

மூன்றாவது புதன்கிழமை அம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவளுக்குப் பதிலாக மெக்கானிக் அண்ணன் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். என்ன வந்தாலும் கண்ணால் பார்த்துவிடுவது என்று அவருக்கு வீம்பு. பெரியப்பா பின்னால் வந்தார். கத்திரி வெயில். கூனிமேட்டை நெருங்கும்போது யாரும் மூச்சு விடவில்லை. பனைமரங்கள் வந்தன. கார் நின்றது.

எல்லாரும் இறங்கினோம். மெக்கானிக் அண்ணன் ஒயரைப் பிடுங்கினார், மாட்டினார், முகர்ந்தார், தட்டினார். "பெட்ரோல் வருது. கரண்டுதான் வரல. ஏன் வரலன்னு தெரியலண்ணா" என்று ஒத்துக்கொண்டார். அப்பா டிக்கியைத் திறந்து கேனைத் தூக்கினார். பெரியப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. வெயிலில் நின்றபடி, அத்தை காதுபடவே ஆரம்பித்தார்.

"டேய், தண்ணி ஊத்தி இன்னா புண்ணியம்? மூணு தபா ஆச்சி. இவள ஏத்தினாதானே நிக்குது? புகுந்த எடத்துலயும் வெளங்கல, வந்த எடத்துலயும் வெளங்கல."

அத்தை பனைமரத்தடியில் நின்றிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அத்தை ஒன்றுமே செய்யவில்லை என்பது இந்த உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன்.

"அத்த ஒண்ணும் பண்ணல! முள்ளுதான் ஆடல!" என்று கத்திவிட்டேன்.

மெக்கானிக் அண்ணன் திரும்பினார். "இன்னா முள்ளு பாப்பா?"

நான் அத்தையைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்பதுபோல மிக லேசாகத் தலையை அசைத்தாள். அவள் எனக்காகப் பயப்படுகிறாள், அப்பா திட்டிவிடுவார் என்று நினைக்கிறாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். திட்டினால் திட்டட்டும் என்று அத்தனையையும் கொட்டிவிட்டேன். நின்றால் முள் ஆடாது, தண்ணீர் ஊற்றினால் ஆடும், ஆடினால் கிளம்பும்.

மெக்கானிக் அண்ணன் ஓடிவந்து அப்பாவின் கையிலிருந்த கேனைப் பிடித்துக்கொண்டார். "ஊத்தாதீங்கண்ணா. ஒரு சொட்டு கூட ஊத்தாதீங்க." சாவியைத் திருகிவிட்டு முள்ளையே பார்த்தார். அசையவில்லை. பானெட்டைத் திறந்து போட்டுவிட்டு, எல்லாரையும் நிழலில் உட்காரச் சொன்னார். அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். சீர்த் தட்டுத் திராட்சையை நான் ஒருத்தியே தின்று தீர்த்தேன். பிறகு எழுந்து போய்ச் சாவியைத் திருகினார். முள் துடித்தது. என்ஜின் பிடித்துக்கொண்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை.

"உப்பும் இல்ல, ராசியும் இல்ல. சூடு" என்றார். "கிராங்க் சென்சார்னு ஒண்ணு இருக்குது. என்ஜின் சுத்துதுன்னு அது சொன்னாத்தான் கம்ப்யூட்டருக்குத் தெரியும். அந்த முள்ளு ஆடறதும் அது சொல்லித்தான். சூடானா அது வாயடச்சிப் போயிடுது. அது சொல்லலன்னா இது எல்லாத்தையும் நிறுத்திடும். நீங்க தண்ணி ஊத்துனீங்க, அது குளுந்துச்சி. நீங்க உப்பு போயிடுச்சின்னு நெனச்சிட்டீங்க." அதிகாலையில் பாண்டிக்குப் போனபோது ஏன் நிற்கவில்லை, வெயிலில் கிளம்பினால் ஏன் சொல்லிவைத்ததுபோலக் கூனிமேட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது, எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்துவிட்டது. அவ்வளவு தூரம் போவதற்குள் அது சூடாகிவிடுகிறது. அப்பா நிறைந்த கேனை மறுபடியும் டிக்கிக்குள் வைத்தார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மறுநாள் காலையில் மெக்கானிக் அண்ணன் வீட்டுக்கே வந்து அதைக் கழற்றினார். ஒரே ஒரு போல்ட்டு, ஒயர் மாட்டுகிற ஒரு கப்ளர். கட்டைவிரல் தடிமனில் கறுப்பாக ஒரு சாமான். இத்தனை நாள் எங்களை ஆட்டிவைத்தது இதுதானா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அப்பாவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. நிரூபித்துக் காட்டுகிறேன் என்றவர், உள்பக்கம் பார்த்து, "யக்கா, கொஞ்சம் வெந்நி கொண்டாங்க" என்று குரல் கொடுத்தார்.

சொம்பில் வெந்நீர் கொண்டுவந்தது அத்தைதான். அண்ணன் சென்சாரின் முனையில் மீட்டர் ஒயர்களை மாட்டினார். மீட்டரில் ஒரு எண் தெரிந்தது. சென்சாரைப் பாலிதீன் பையில் சுற்றிச் சொம்புக்குள் இறக்கினார். நாங்கள் நான்கு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். எண் மெல்ல ஏறியது. ஏறிக்கொண்டே போய், சட்டென்று எல்லாம் மறைந்து ஓரத்தில் ஒரு ஒன்று மட்டும் நின்றது. "அவ்ளோதான், உள்ள கம்பி விட்டுப்போச்சி" என்றார். வெளியே எடுத்து விசிறியால் விசிறினார். சற்று நேரத்தில் பழைய எண் திரும்பி வந்தது. நான் கைதட்டினேன். இன்னொரு தடவை செய்து காட்டச் சொன்னேன். செய்தார்.

"இத மாத்திட்டா அப்புறம் நிக்காதா?" என்று அத்தை கேட்டாள்.

"நிக்கவே நிக்காதுக்கா. நீங்க தைரியமா போவலாம்."

அத்தை சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அம்மா அவள் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாண்டியிலிருந்து புது சென்சார் வந்ததும் மாட்டினார்கள். என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, முள் ஆடுகிறதா என்று கேட்டுக் கேட்டுச் சரிபார்த்தார் அண்ணன். வெயில் உச்சியில் இருக்கும்போது அனுமந்தை வரை ஓட்டிப்போய்த் திரும்பி, நிறுத்தாமல் மறுபடியும் ஓட்டிப் பார்த்தார்கள். அப்பா தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "எம் பொண்ணுதான் கண்டுபுடிச்சா" என்றார். உப்புதான் சென்சாரை உள்ளுக்குள் தின்றுவிட்டது என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ள அவர் மறக்கவில்லை. பெரியப்பா எனக்கு ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கித் தந்தார். அத்தை மட்டும் எதுவும் சொல்லவில்லை. சத்தியத்தை மீறியதற்குக் கோபம் போல என்று இருந்துவிட்டேன். அவள் மேல் விழுந்த பழியைத் துடைத்தவள் நான். ஒரு முத்தமாவது தந்திருக்கலாம் என்று உள்ளுக்குள் குறையாகத்தான் இருந்தது.

நான்காவது புதன்கிழமை. அம்மா மறுபடியும் வரவில்லை. கூனிமேட்டை நெருங்கியதும் அப்பா வேகத்தைக் குறைத்தார். பனைமரங்கள் வந்தன, பின்னால் போயின. பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பாவும் சிரித்தார். நான் திரும்பி அத்தையின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"பாத்தியா அத்த? நீ இல்ல!"

அத்தை என் தலையில் கையை வைத்தாள். "ஆமாண்டி கண்ணு. நான் இல்ல" என்றாள். அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பொம்மையார்பாளையத்தில் எங்களை நன்றாகத்தான் கவனித்தார்கள். எல்லாருக்கும் காபி வந்தது. மாமா எனக்குச் சாக்லேட் கொடுத்து எந்த வகுப்பு படிக்கிறேன் என்று கேட்டார். வாசலுக்கு வந்து காரைச் சுற்றிப் பார்த்து, நல்ல வண்டி என்றார். கார் எப்படி நின்றது, நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று அப்பா முழுக்கதையையும் சொன்னார். மாமா என் கன்னத்தைத் தட்டி, "கெட்டிக்காரி" என்றார். நல்ல மனிதராகத்தான் எனக்குத் தெரிந்தார்.

அத்தை அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அங்கே இருந்தாள். இடையில் இரண்டு தடவை போன் செய்து அழுதாள் என்றும், கொஞ்சம் அனுசரித்துப் போகும்படி அப்பா சொன்னார் என்றும் அம்மா என்னிடம் சொன்னது நான் கல்லூரிக்குப் போன பிறகுதான். கடைசியில் அவள் வந்தாள். யாரையும் கூப்பிடாமல், நாள் கிழமை பார்க்காமல், பஸ்ஸில். இப்போது பாண்டியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். தனியாக வீடு எடுத்துக்கொண்டு இருக்கிறாள். நான் போனால் சோறு போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாக் கதையும் பேசுவாள். அந்தக் காரைப் பற்றி மட்டும் நாங்கள் இருவரும் பேசுவதில்லை. மன்னிப்புக் கேட்க எத்தனையோ தடவை வாயெடுத்திருக்கிறேன். ஒன்பது வயதில் செய்ததற்கு எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு நாங்கள் கிளம்பும்போது அத்தை வாசல் வரைக்கும் வந்தாள். புதுப் புடவையில் இருந்தாள். பெரியப்பா உள்ளே யாரிடமோ சொல்லிக்கொண்டு வரத் தாமதமானார். அத்தை குனிந்து, அப்பாவின் பக்கத்து ஜன்னலில் கையை வைத்தாள். தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அண்ணா, வண்டி இப்ப நல்லா ஆயிடுச்சில்ல? கூப்ட்டா வருமில்ல?"

அப்பா ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன இவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்று எனக்குப் பொறுக்கவில்லை. இந்தக் காரைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும்? பின்சீட்டிலிருந்து எக்கி, "புது சென்சார் அத்த. எப்ப கூப்ட்டாலும் வரும்" என்று நான் சொன்னேன். அத்தை என்னைப் பார்க்கவில்லை. அப்பாவையே இன்னும் சற்று நேரம் பார்த்தாள். பெரியப்பா வந்து ஏறினார். அப்பா சாவியைத் திருகினார், முள் துடித்தது, என்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. அத்தை கையை எடுத்துக்கொண்டாள். மரக்காணம் வரும் வரைக்கும் அப்பா யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. என்ஜின் சத்தத்தைக் கவனித்துக்கொண்டு வருகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.